பதிவறையில் அவர் பார்த்த வேலை

புருஷன் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டதால், கருணை அடிப்படையில் மனைவிக்கு அதே அரசு அலுவலகத்தில் அதே வேலை கிடைத்தது. பதிவறை உதவியாளர். உத்தரவைக் கையில் வாங்கியபோது அவளுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். மனிதர் பார்த்த வேலை அப்படி! சாயங்காலம் வீடு திரும்பினால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பிருக்காது. "நான் ஒரு நாள் லீவு போட்டா ஆபீஸே படுத்துடும்" என்று முனகுவார். இவள் கால் அமுக்கிவிடுவாள்.

கொழுந்தன் வேறு பயமுறுத்தினான். அந்த வேலை தனக்கு வரும் என்று காத்திருந்தவன் அவன். தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவனிடம் கையெழுத்து வாங்குவதற்குள் மாமியாருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. கையெழுத்துப் போட்ட பிறகும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணன் மாடா உழைச்ச எடம், அண்ணி. நீங்க ஒரு மாசம் தாக்குப்பிடிச்சா பெரிய விஷயம்."

முதல் நாள் பதிவறையைத் திறந்தாள். இரும்பு அலமாரிகள், துணியில் கட்டிய பழைய கோப்புகள், கடகடக்கும் ஒரு மின்விசிறி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். மத்தியானம் வரை ஈ, காக்கைகூட வரவில்லை. அந்தப் பக்கமாகப் போன தலைமை எழுத்தரைப் பிடித்து நிறுத்தினாள்.

"சார், நான் என்ன செய்யணும்?"

"யாராவது பழைய கோப்பு கேட்டா எடுத்துக் குடுக்கணும்மா."

"எப்ப கேப்பாங்க?"

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "போன வருஷம் ஒருத்தர் கேட்டார்."

சும்மா நிற்பானேன் என்று கடைசி அலமாரிக்குப் பின்னால் கூட்டப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தரையில் ஒரு பாய். தலைமாட்டில் ஒரு கோப்புக் கட்டு. அதன் நடுவில் தலை அழுந்தி அழுந்தி விழுந்த பள்ளம், எண்ணெய்க் கறையோடு. அடப் பாவி மனுஷா, இதற்கா தினமும் கால் அமுக்கினேன்? வாய்விட்டே திட்டினாள். திட்டித் தீர்ந்ததும் அந்தப் பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தாள். அதற்குமேல் தாங்கவில்லை, உட்கார்ந்து அழுதாள். என்ன ஏது என்று கேட்க அங்கேதான் யாரும் வரமாட்டார்களே.

சாயங்காலம் கொழுந்தன் வாசலிலேயே காத்திருந்தான்.

"என்ன அண்ணி, இடுப்பு ஒடிஞ்சுதா?"

உண்மையைச் சொன்னால் அன்றோடு அவன் வாய் அடைபடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் கையை நிறுத்திவிட்டு இவளையே பார்த்தார்.

"கஷ்டமான வேலைதான் தம்பி. உங்க அண்ணன் எப்படித்தான் சமாளிச்சாரோ."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று அவன் மீசையில் கை வைத்துக்கொண்டே கிளம்பிப் போனான்.

மாமியார் துணியை ஒதுக்கிவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒரு தடவ பெரியவனுக்கு நான் ஆபீசுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போனேம்மா."

"அத்தை..."

"நல்லாத் தூங்கிட்டிருந்தான். தலைமாட்டுல வச்சிட்டு வந்துட்டேன். சாயங்காலம் வந்து, 'தலைக்கு மேல வேலைம்மா, நீ வந்ததக்கூட கவனிக்கல'ன்னான். நானும் ஆமாப்பான்னுட்டேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். மாமியார்தான் முதலில் நிறுத்தினார்.

"எழுப்பியிருக்கலாம். நாலு வார்த்த பேசியிருப்பான்."