ஆற்றின் நடுவே போட்ட கையெழுத்துகள்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் இரு கரைக்காரர்களுக்கும் அந்தப் படகோட்டி 'பன்னிரண்டு நிமிஷம்'தான். அக்கரை போக எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும் இருபத்தாறு வருடமாக அதே பதில். கொஞ்ச காலமாக அந்தப் பதில் பொய்த்துக்கொண்டிருந்தது. ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் மேடிட்டு, கடல்நீர் வடியும் நேரங்களில் படகு பாதி வழியில் தட்டி நின்றது.

இந்த லட்சணத்தில், முகத்துவாரத்தைப் பாதி மறித்துக் கல்சுவர் கட்டி, சரக்குக் கப்பல்களை நிறுத்தப் போகிறார்களாம். துறைமுக அலுவலகப் பலகையில் அறிவிப்பு. ஐந்நூறு பேர் எழுதிக் கேட்டால், முதலில் பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்கள். இல்லையென்றால் நேரே கல் இறங்கும். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை கெடு.

கரையில் மனுத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் "அப்புறம் பாக்கலாம்ண்ணே" என்று ஆள் பறந்துவிடுகிறது. படகிலிருந்து எங்கே பறப்பது? நடு ஆற்றில் வேகத்தைக் குறைத்து, அட்டையில் செருகிய தாளைச் சுற்றுக்கு விட்டார்.

"போடலேன்னா இறக்கி விட்டுருவியா?" மீன்கூடைக்காரி சீண்டினாள்.

"நீச்சல் தெரியுமான்னு முதல்ல சொல்லு."

சுவர் வந்தால் வேலை வரும் என்று வெல்டர் ஒருவர் தாளைத் தள்ளினார். "வரட்டும் தம்பி. வேணாம்னா சொல்றேன்? எங்க கட்டணும்னு ஆத்துல கிடக்கறவன ஒரு வார்த்த கேக்கச் சொல்றேன்." வெல்டர் மூன்று பயணம் யோசித்து, நான்காவதில் போட்டார்.

பத்தொன்பது நாளில் ஐந்நூற்று ஏழு சேர்ந்தது. வியாழன் மதியம் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிகாரி புரட்டப் புரட்ட அவர் முகம் கடுத்தது.

"ஒரே ஆள் உக்காந்து கிறுக்கினதுய்யா இது."

அதுவரை எண்ணிக்கையை மட்டுமே பார்த்திருந்த படகோட்டி அப்போதுதான் எழுத்தைப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி நெளிந்து, ஒரே பக்கம் வால் கோணிக் கிடந்தன. தன் சாமர்த்தியமே தன் காலை வாரிவிட்டிருந்தது.

தினமும் அவர் படகில் வரும் தட்டச்சு அம்மாள் மூலையிலிருந்து எழுந்தார். "சார், அஞ்சாவது பக்கத்துல கடைசிக் கையெழுத்து என்னோடது."

அதிகாரி வருகைப் பதிவேட்டைப் பிரித்து ஒப்பிட்டார். அங்கே முத்து முத்தாக இருந்தது. "ரெண்டும் நீங்க போட்டதாம்மா?"

"ஆபீஸ் ஆடாதே சார்."

"ஒருத்தர் சொன்னதுக்காக ஐந்நூறையும் நம்ப முடியுமா?"

படகோட்டி முன்னால் வந்தார். "அஞ்சு மணிப் படகுல வந்து நீங்களே ஒண்ணு போட்டுப் பாருங்க சார்."

பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிடும் எண்ணத்தோடு கோப்பை இடுக்கிக்கொண்டு அதிகாரி வந்தார். ஆற்றை வரைபடத்தில் நீலக் கோடாக மட்டுமே அறிந்தவர். வழியில் படகு மணலில் தட்டி நின்றது.

"எவ்வளவு நேரமாகும்?"

"பன்னிரண்டு நிமிஷம்!" படகே சேர்ந்து கத்திச் சிரித்தது. படகோட்டி மட்டும் சிரிக்கவில்லை. கழியை நீரில் ஊன்றினார். முழங்கால் ஆழம்கூட இல்லை.

"முன்னாடி இந்தக் கழி முழுசா முங்கும் சார். கடல் உள்ள வந்து மணல இழுத்துட்டுப் போனாத்தான் ஆத்துக்கு வாய் திறந்திருக்கும். பாதிய மறிச்சா என்ன ஆகும்னு யாராவது பாத்தாங்களா?"

அதிகாரி கழியில் ஈரம் ஏறிய உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் இறங்கித் தள்ள, படகு நகர்ந்தது. ஆற்றோட்டமும் கடலலையும் முட்டிக்கொள்ளும் இடம் வந்ததும் அவர் கோப்பைத் திறந்தார். மனுவின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுதியதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதே நெளிவு, அதே கோணல் வால்.

"கூட்டத்துக்குத் தேதி சொல்லியனுப்புறேன்" என்றார் மெதுவாக.

வீட்டில் படகோட்டியின் மனைவி நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, கோழி கிண்டின மாதிரி இருக்கு. போலின்னு எவனாவது சொன்னா?"

"அவனையும் படகுல ஏத்திர வேண்டியதுதான்."

"அது சரி. கூட்டத்துல எழுந்து பேசப்போறது யாரு?"

மேடைப் பக்கமே போகாத மனிதர். தாளை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பன்னிரண்டு நிமிஷம் குடுத்தா நானே பேசிருவேன்."