கழுத்தில் உறுத்திய ஊர்ப்பெயர்

மிலான் நகருக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்கவைத்தது ஒரு சின்ன முக்காலி. நான் வேலை பார்க்கும் தையல் கடையின் முதலாளி லவுரா, கடை தொடங்கிய நாளைக் கொண்டாட என்னைப் பெரிய காபிக் கடை ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தார். நாங்கள் உட்கார்ந்ததும் பரிமாறுபவர் முழங்கால் உயர முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். யாருடைய குழந்தையோ வரப்போகிறது என்று நினைத்து நான் என் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டேன். லவுரா சிரித்துக்கொண்டே தன் கைப்பையை எடுத்து அதன்மேல் வைத்தார். விலை உயர்ந்த பைகளைத் தரையில் வைக்க மாட்டார்களாம்.

அன்றைக்கே தங்கை ஜெசிந்தாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். அவள் ஓடைப்பட்டியில் இருக்கிறாள். தேனிக்குப் பக்கத்தில், வெளிநாடுகளுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் துணியை விளக்கடியில் விரித்து, விட்டுப்போன தையலையும் பிசிறையும் கண்டுபிடிப்பது அவள் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே பார்க்க வேண்டும். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "பைக்கா ஸ்டூலு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

துணிகளில் பெயர்ச்சீட்டு வந்த கதையை எனக்குச் சொன்னதும் லவுராதான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் இருந்த உடை வடிவமைப்பாளர் ஒருவர், ஓவியர்கள் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவதைப் போலத் தன் பெயரை உடுப்புகளின் உள்பக்கம் தைத்துவைத்தாராம். அவருக்குக் கீழே ஊசி பிடித்த பெண்கள் ஏராளம். அவர்கள் பெயர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். லவுரா தோளைக் குலுக்கினார். இத்தாலியர்கள் தோளைக் குலுக்கினால் அதற்குமேல் பதில் கிடையாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் தங்கைக்காக அப்படியொரு விலை உயர்ந்த கைப்பை வாங்கினேன். என் தங்கை கைபட்ட சட்டையை இவர்கள் போடும்போது, இவர்களுடைய பையை அவள் ஏன் தூக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. தள்ளுபடி நாளில் கடைக்குப் போய், என் அரைகுறை இத்தாலிய மொழியில், "கி லா குச்சீத்தா?" என்று கேட்டேன். யார் தைத்தது என்று அர்த்தம். விற்பனைப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "ஒரிஜினாலே, சிஞோரா! ஒரிஜினாலே!" என்று சான்றிதழ் அட்டையை என் முன்னால் நீட்டினாள். போலிப் பை என்று நான் சந்தேகப்படுவதாக நினைத்துவிட்டாள். யார் தைத்தது என்பதையும் ஒருவர் தெரிந்துகொள்ள விரும்பலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். ஜெசிந்தா பையைக் கையில் வாங்கியதும் வாரைக்கூடத் தோளில் மாட்டிப் பார்க்கவில்லை. டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய் உள்பக்கத்தை வெளியே இழுத்தாள்.

"அக்கா, இங்கன பாரு. ரெண்டு தையல் விட்டுப்போச்சு. நானா இருந்தா ரிஜெக்ட் பண்ணிருப்பேன்."

"ஒரிஜினல்டி அது!"

"ஒரிஜினல்தான். அதுக்காகத் தையல் விடாதா?"

சிரித்து ஓய்ந்த பிறகு, நான்கு மாதமாக என்னிடம் மறைத்த ஒன்றைச் சொன்னாள். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து தொழிற்சாலையைச் சோதிக்க ஓர் அம்மா வந்திருக்கிறார். அன்று காலையில் செக்கர்கள் எல்லோருக்கும் உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள். முதுகில் கடைப் பெயர்கூட எழுதியிருந்ததாம். என்ன கேட்டாலும் தினமும் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறோம் என்று சொல்லும்படி சூப்பர்வைசர் முந்தின நாளே பாடம் நடத்தியிருந்தார்.

"அந்தம்மா என்கிட்ட வந்து, எப்பவும் உக்காந்துதான் பாப்பீகளான்னு கேட்டாக. கூட வந்தவரு தமிழ்ல சொன்னாரு. நீ சொன்ன ஸ்டூலு மனசுல ஓடுச்சுக்கா. பைக்கே போடுறாகளேன்னு. வாயில வந்துருச்சு. இன்னைக்கு மட்டுந்தாம்மா உக்காந்துருக்கோம், இது வாடகைச் சேரு, சாயங்காலம் வண்டி வந்து ஏத்திட்டுப் போயிரும்னுட்டேன்."

"அப்புறம்?"

"நாளைக்கு வராத, கூப்பிடுறோம்னு சொல்லிட்டாக. சரி, வேலை போச்சுன்னு அப்பாவோட திராட்சைப் பந்தலுக்குக் கொத்தப் போயிட்டேன்."

மறுநாள் கம்பெனி பஸ் வந்தபோது மற்றச் செக்கர்கள் பதினோரு பேரும் அவரவர் ஊரில் ஏறவே இல்லை. யாரும் கோஷம் போடவில்லை. அனுப்ப வேண்டிய சட்டைகள் மேஜையில் குவிந்தன. மூன்றாவது நாள் மேனேஜரே ஜெசிந்தாவைப் போனில் கூப்பிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வேலைக்கு வரச் சொன்னார். அடுத்த வாரம் இரும்பு ஸ்டூல்கள் வந்து இறங்கின.

"இதை ஏன்டி என்கிட்டச் சொல்லல?"

"அங்கன உக்காந்து அழுவ. எதுக்கு?"

உண்மைதான், அழுதிருப்பேன். காபிக் கடையில் வேடிக்கையாகப் பார்த்து, வேடிக்கையாகச் சொன்ன ஒன்றை என் தங்கை பதினோரு பேருடன் சேர்ந்து ஸ்டூலாக மாற்றியிருந்தாள். பையில் விட்டுப்போன அந்த இரண்டு தையலையும் அவளே போட்டுக்கொண்டாள். டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் வைத்து அந்தப் பையை வேலைக்குக் கொண்டுபோகிறாள். தேனி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய டூப்ளிகேட் என்று பஸ்ஸில் எல்லோரும் நம்புகிறார்களாம். அவளும் மறுத்துச் சொல்வதில்லை.

நான் மிலானுக்குத் திரும்பிய மாதம், தலை நரைத்த ஒரு இத்தாலிய அம்மா எங்கள் தையல் கடைக்கு வந்தார். கோட்டின் கழுத்தில் இருந்த சீட்டு உறுத்துகிறது, வெட்டி எறிந்துவிடு என்றார். மேலே பிரபலமான ஒரு பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கீழே பொடி எழுத்தில், இந்தியாவில் தைத்தது என்று இருந்தது. நூலைப் பிரித்து எடுத்துவிட்டேன். எறியத்தான் கை வரவில்லை. கோட்டின் உள்பாக்கெட் ஓரத்தில், உடம்பில் படாத இடமாகப் பார்த்துத் தைத்துக் கொடுத்தேன். ஏன் இப்படி என்று கேட்டார். என் தங்கையும் இந்த மாதிரி வேலைதான் பார்க்கிறாள் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது "மியா சொரெல்லா", என் தங்கை, என்பது மட்டும்தான்.

அவர் கண்கள் விரிந்தன. இந்தக் கோட்டையே என் தங்கைதான் தைத்தாள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். கைமடிப்பைத் தடவினார். மகள் கல்யாணத்துக்கு இதைத்தான் போட்டேன், மிக நன்றாகப் பொருந்தியது, உன் ஊரில் இருக்கும் தங்கையிடம் கட்டாயம் சொல் என்றார். திருத்திச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. மொழி தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

மதிய இடைவேளையில் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். ஜெசிந்தா கம்பெனி பஸ்ஸில் சின்னமனூரைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"நாங்க சட்டைதானக்கா தைக்கிறோம். கோட்டு எங்கிட்டுத் தைச்சாகளோ" என்றாள். உடனே அவளே தொடர்ந்தாள். "இருந்தாலும் சொல்லிட்டாகல்ல. நம்ம வாங்கிக்கிருவோம்."

போனைக் கீழே இறக்கிவிட்டு அவள் பஸ்ஸுக்கே கேட்கக் கத்தினாள். "ஏத்தா, தைச்சது நல்லா இருக்குன்னு ஒரு அம்மா சொல்லிவிட்டுருக்காக!"

"எந்த ஊருக்காரகடி?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்கக்கா ஊருக்காரக" என்றாள் ஜெசிந்தா.