பழுத்து நின்ற புங்க மரங்கள்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே தோட்டப் பராமரிப்பு எடுத்திருந்த கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். படித்தது தாவரவியல். எம்.எஸ்சி. கடைசி வருடம் முழுக்கத் தொட்டிகளில் புங்கங்கன்று வளர்த்து, தண்ணீரை நிறுத்தி, வாடும் இலைகளைப் பறித்து அரைத்துச் சோதித்தவள். அந்தப் படிப்புக்கு இந்த வேலையாவது கிடைத்ததே என்று படப்பையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அந்தக் கோடையில் டேங்கர் லாரிகள் குறைந்தன. கேன்டீனுக்கும் கழிப்பறைக்குமே தண்ணீர் போதவில்லை. மரங்களுக்கு விடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மெயின் கேட்டிலிருந்து ஆபீஸ் வரை இருபக்கமும் நின்ற புங்க மரங்கள் இலை பழுத்து மஞ்சளாகி, கொட்ட ஆரம்பித்தன.

அட்மின் மேனேஜர் மரத்தடிக்கே வந்து கூப்பிட்டார். “என்னம்மா, எல்லாம் செத்துப்போச்சா? அடுத்த வாரம் வெளிநாட்டுலேர்ந்து கஸ்டமர் வராங்க.”

“சாகல சார். தன்னைக் காப்பாத்திக்குது.”

எப்படி என்று கேட்டார். நல்ல மனிதர், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தண்ணீர் இல்லாதபோது இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது, ஆனால் வெயில் விழுவது நிற்பதில்லை என்றேன். உணவாக்க முடியாமல் மிஞ்சும் அந்த வெளிச்சம், இலைக்குள் இருக்கும் ஆக்சிஜனையே நஞ்சாக்கிவிடும். அது செல்களை அரிக்கும். அதை முறிக்கும் பொருள்களை மரமே உண்டாக்கிக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால், வெயிலை வாங்குகிற பச்சையத்தைக் கலைத்துவிடும். கடைசியில் இலையையே உதறிவிடும்.

சொல்லிக்கொண்டே ஒரு கிளையை நகத்தால் கீறினேன். பட்டைக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தது.

மண்ணூரிலிருந்து வேலைக்கு வரும் தோட்டக்கார அக்காவும் சொன்னார். “உசுரு கீது சார். ஒரு மழ பேஞ்சா துளுத்துக்கும்.”

மேனேஜர் அந்தக் கீறலையே பார்த்தார். “புரியுதும்மா. ஆனா வர்றவங்க கார்ல போற வேகத்துல பாப்பாங்க. எடுத்துடச் சொல்லி மேலேர்ந்து சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல.”

கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். “மரத்துக்காக கான்ட்ராக்ட்ட விடச் சொல்றியா? கூட நின்னு முடிச்சுக் குடும்மா” என்றார்.

நின்றேன். ஜேசிபி ஒவ்வொரு மரமாக அசைத்து அசைத்துப் பிடுங்கியது. முறிந்த வேர்கள் வெளுப்பாக மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா என் கையைப் பிடித்தார். “நீ படிச்சவளாச்சே கண்ணு. இன்னும் ரெண்டு வார்த்த சொல்லிப் பாரேன்.”

எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லியாகிவிட்டது.

மறுநாளே பாக்கு மரம் போன்ற அலங்காரப் பனைகள் வந்து இறங்கின. கீழே புல்தரையைப் பாய் மாதிரி விரித்தார்கள். அதற்கென்று தனியாக டேங்கர் வந்தது. வந்தவர்கள் காரில் உள்ளே போனார்கள், மாலையில் திரும்பினார்கள். யாரும் எந்தப் பக்கமும் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால், ஜேசிபி நுழைய முடியாத மூலையில் இரண்டு புங்க மரங்கள் தப்பியிருந்தன. மழை பெய்த பிறகு ஒன்று செம்பு நிறத்தில் தளிர் விட்டது. மற்றது அப்படியே பட்டுப்போனது. பிடுங்கியவற்றில் எத்தனை பிழைத்திருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

“சாரக் கூட்டியாந்து காட்டட்டுமா?” என்று அக்கா கேட்டார்.

“வேணாங்கா. பார்த்து அவர் மட்டும் என்ன பண்ணுவாரு?”

அக்கா ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு பனைகளுக்குத் தண்ணீர் விடப் போனார். நானும் கூடப் போனேன்.