முதலாளி நன்றாகப் பேசினார்

சனிக்கிழமை காலை ஏழு நாற்பது. பதுளையில் ஒரு கல்லூரி மண்டபத்தின் வாசலில் நான் முதலில் பார்த்தது நான்கு கறுப்பு அங்கிகளை. ஒரு வேனின் கதவில் இரண்டும் பக்கக் கண்ணாடியில் இரண்டுமாகத் தொங்கின. நான்கும் உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பப்பட்டிருந்தன.

காரணம் பிறகு தெரிந்தது. பட்டதாரிகளுக்குப் படம் பிடிக்கும் ஸ்டூடியோ ஒன்றில் வாடகைக்கு எடுத்தவை. வெளிப்பக்கம் தங்க நிறக் கரை. சட்டத்தரணிக்குத் தங்கக் கரை கிடையாது. ஆகவே தையல் வெளியே, பட்டம் உள்ளே.

ஊவா மாகாணத் தமிழ்மொழிக் கல்லூரிகளின் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு மாதிரி நீதிமன்றப் போட்டி. கற்பனையாக ஒரு வழக்கை எழுதி எல்லா அணிகளுக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். ஓர் அணி வழக்குத் தொடுநர் தரப்பு. மற்றது எதிரி தரப்பு. வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு: நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் எதிரி. யாருக்கு எதிரி? பல வருடங்கள் நீதிமன்றச் செய்தி எழுதியிருக்கிறேன். இதுவரை யாரும் சொல்லவில்லை.

அந்த அனுபவத்தை மதித்துத்தான் என்னை அழைத்திருந்தார்கள். நடுவர் வேலையாக இருக்கும் என்று நினைத்து, அயர்ன் பண்ணிய சட்டையோடு போனேன். கையில் ஒரு மணியைக் கொடுத்தார்கள். நான் நேரக்காப்பாளர்.

பாடசாலைப் பூசை அறையில் இருந்து எடுத்துவந்த மணி அது. முதல் சுற்றில் நான் அடித்தபோது முன்வரிசைப் பெற்றோர் இருவர் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். பேசிக்கொண்டிருந்த மாணவன் நிறுத்தவில்லை.

அங்கி தொங்கிய வேனின் சாரதி செல்வராஜ். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர். மகள் தர்ஷினிதான் லுணுகலை அணியின் தலைவி. வேன் வாடகையை அவர் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக மகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார். இடைவேளையில், தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து அமர்ந்து அவரே சொன்னார்.

“இவ சட்டம் படிக்கப் போறேன்னு நிக்கிறா சேர். நான் டீச்சர் வேலைக்குப் போன்னு சொல்றேன். டீச்சர்னா லுணுகலையிலயே இருந்துக்கலாம். லோயர்னா கொழும்புல ரூம் எடுக்கணும், கோட்டு தைக்கணும்… வீட்டுல தெனமும் சண்டை. கடைசியில பேசி முடிச்சாச்சு. இன்னைக்கு ஜெயிச்சா லோ, தோத்தா டீச்சர்.”

“அவள் ஒப்புக்கொண்டாளா?”

“அவதான் சேர் கைய நீட்டுனா.”

மாலை மூன்று மணிக்கு இரண்டு அணிகள் மிஞ்சின. எதிரி தரப்பில் லுணுகலை. வழக்குத் தொடுநர் தரப்பில் பதுளை டவுன். டவுன் அணியின் தலைவி ரிஸ்னா. கடைவீதியில் புடைவைக் கடை வைத்திருப்பவரின் மகள். காலையில் இருந்து அவள் எதிர்த்தரப்புச் சாட்சிகளை விசாரித்த விதத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கடையில் விலை குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள்.

வழக்கு இதுதான். வெலிமடையில் ஓர் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி. ஒரு விடியற்காலையில் அவருடைய லொறி எரிந்துபோகிறது. கடையில் வேலை செய்யும் ராசுதான் கொளுத்தினான் என்று குற்றச்சாட்டு. கண்ணால் கண்ட சாட்சி இல்லை. ராசு பொலிஸில் கொடுத்த வாக்குமூலம் மட்டும் இருக்கிறது. அதில் முக்கியமான இடம், எழுத்துப் பிசகாமல்:

“சம்பவத்திற்கு முதல் நாள் மாலை முதலாளி எனக்கு நன்றாகப் பேசினார். அன்றிரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.”

ரிஸ்னா ராசுவைக் குறுக்கு விசாரணை செய்தாள். லுணுகலை மாணவன் ஒருவன் ராசுவாக நடித்தான்.

“முதலாளி உங்களுடன் நன்றாகத்தானே பேசினார்?”

“ஆமாங்க.”

“அவ்வளவு நல்ல முதலாளியின் லொறியைக் கொளுத்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது?”

“நான் கொளுத்தலீங்க.”

“அப்படியானால் ஏன் தூக்கம் வரவில்லை? திட்டம் போட்டுக்கொண்டிருந்தீர்களா?”

பையன் தர்ஷினியைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

“சந்தோசத்துலங்க.”

மண்டபம் சிரித்தது. தர்ஷினி சிரிக்கவில்லை. தன் தொகுப்புரையை அந்த ஒரு வார்த்தையின் மேலேயே கட்டினாள். வேலைக்காரனிடம் முதலாளி நன்றாகப் பேசுவது அன்றாடம் நடக்கிற காரியமா? நடந்துவிட்டால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? நேற்று நல்ல வார்த்தை கேட்டவன் இன்று நெருப்பு வைப்பானா? அமைதியாகக் கேட்டுவிட்டு, தனக்கு ஒதுக்கிய நேரம் முடியும் முன்பே உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுவதும் நான் மணி அடிக்கத் தேவையில்லாத ஒரே பேச்சு அதுதான்.

தலைமை நடுவர் பேனாவை மேசையில் வைத்தார்.

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதுளையில் நீண்ட காலமாகத் தொழில் செய்கிற மூத்த சட்டத்தரணி. பெயர் குகதாசன் என்று வைத்துக்கொள்வோம். வழக்கை எழுதியவரும் அவர்தான். காலையில் இருந்து அச்சடித்தது போன்ற தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், அந்த நேரத்தில் ஊருக்குப் போய்விட்டார்.

“பொறுங்கோ, பொறுங்கோ. என்ன சந்தோசம்? முதலாளி அவனைப் பேசினவர் எண்டு வடிவா எழுதிக் கிடக்கு. அதாலதானே அவனுக்குக் கோவம்? அதுதானே பிள்ளையள் முழு வழக்குமே!”



யாழ்ப்பாணத்தில் ஆட்கள் சாதாரணமாகப் பேசுவதில்லை, கதைப்பார்கள். பேசினார் என்றால் ஏசினார். நன்றாகப் பேசினார் என்றால்… வாங்கியவனுக்கு அன்றிரவு தூக்கம் வராது.

எனக்கு இது தெரியும்; இருந்தும் காலையில் இருந்து தோன்றவில்லை. பத்திரிகையில் சேர்ந்த புதிதில், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் என் மேசைக்கு வந்து, “உம்மட கட்டுரையப் பாத்திட்டு எடிட்டர் நல்லாப் பேசினவர்” என்றார். நான் எடிட்டரின் அறைக்குப் போய் நன்றி சொன்னேன். அவர் அதற்கும் சேர்த்துப் பேசினார்.

இரண்டு மொழிகள் உள்ள நாடு என்று மேடையில் சொல்கிறோம். ஒரு மொழியையே நாம் இரண்டாக வைத்திருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாகாணம் முழுவதில் இருந்தும் வந்த அணிகள் காலையில் இருந்து இதே வழக்கை வாதாடியிருந்தன. ஒருவர்கூட ஏச்சைக் கண்டுபிடிக்கவில்லை. முந்தைய சுற்றுகள் வேறு அறைகளில், வேறு நடுவர்கள் முன்னால் நடந்ததால் குகதாசனுக்கும் இது தெரியவில்லை.

ரிஸ்னாவின் முகத்தைப் பார்த்தேன். கையிலேயே இருந்த ஆயுதத்தை நாள் முழுவதும் விசிறியாகப் பயன்படுத்தியவளின் முகம். தர்ஷினி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லோடு போய்விட்டது. கடைசி வரிசையில் செல்வராஜ் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

தர்ஷினி எழுந்தாள். நடுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நேரக்காப்பாளர் அவர்களே, எங்கள் தரப்புக்கு நேரம் மிச்சம் இருக்கிறதா?”

காலையில் இருந்து என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி.

“இருக்கிறது” என்றேன். “இரண்டு நிமிடம்.”

அவள் வாக்குமூலத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

“கனம் நீதிபதி அவர்களே, எதிரி இதே பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லையில் பிறந்து வளர்ந்தவர் என்று இதில் எழுதியிருக்கிறது. ஹல்துமுல்லையில் முதலாளி ஏசினால் ஏசினார் என்றுதான் சொல்வார்கள். பேசினார் என்றால் பேசினார்தான். வாக்குமூலத்தை அதைக் கொடுத்தவருடைய தமிழில்தான் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹல்துமுல்லைக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கோபத்துக்காகச் சிறைக்குப் போவார்.”

“ஆட்சேபனை!” ரிஸ்னா எழுந்துவிட்டாள். “‘என்னிடம் பேசினார்’ என்று இதில் இல்லை. ‘எனக்குப் பேசினார்’ என்று இருக்கிறது. ஹல்துமுல்லையில் யாராவது ‘எனக்குப் பேசினார்’ என்று சொல்வார்களா?”

நல்ல அடி. யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குகதாசன் தலையை ஆட்டினார். இவ்வளவு நேரமும் தவறவிட்டதை அவள் ஒரே எழுத்தில் பிடித்துவிட்டாள்.

தர்ஷினி அந்த வரியை மறுபடி வாசித்தாள்.

“சொல்ல மாட்டார்கள். எனது கற்றறிந்த நண்பி சொல்வது சரி. அப்படியானால் இது எதிரி சொன்ன வசனமே இல்லை. பொலிஸில் அவர் வாயால் சொன்னது ஒன்று. அங்கே அதைச் சிங்களத்தில் எழுதியிருப்பார்கள். அதைத் திரும்பத் தமிழாக்கியவர் யார் என்று இந்த ஆவணத்தில் எங்குமே இல்லை. ஆள் தெரியாத ஒருவருடைய தமிழை வைத்து எதிரியைத் தண்டிக்க முடியாது.”

“தமிழில எழுதினது நான்தான் பிள்ளை” என்றார் குகதாசன்.

“அப்படியென்றால் கனம் நீதிபதி அவர்கள் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.”

நான் மணி அடித்தேன். நேரம் முடிந்திருந்தது. சிரிப்பில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

நடுவர்கள் மூவரும் உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது குகதாசனின் தமிழ் மறுபடி அச்சுக்கு வந்திருந்தது. இரண்டு முடிவுகள் சொன்னார். இந்தப் போட்டியில் வழக்கின் தீர்ப்பு வேறு, அணிகளின் புள்ளி வேறு.

தீர்ப்பு: வாக்குமூலத்தின் பொருளில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. சந்தேகத்தின் பயன் எதிரிக்கே சேரும். ராசு விடுதலை.

கிண்ணம்: பதுளை டவுன். வித்தியாசம் ஒரு புள்ளி. நீதிமன்ற ஒழுக்கம் என்ற பகுதியில் லுணுகலைக்குப் புள்ளி குறைக்கப்பட்டிருந்தது. நீதிபதியைக் கூண்டில் ஏறச் சொன்னதற்காக.

வெளியே தூறல். அங்கிகளை மடித்து வேனில் வைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வராஜ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“கப்பு அவங்களுக்கா?”

“ஆமாப்பா.”

“அப்ப தோத்தாச்சு. டீச்சர்.”

“ராசுவ விட்டுட்டாங்கல்ல? கேஸு நாங்கதான் ஜெயிச்சோம்.”

“கப்பு இல்லாம என்னா புள்ள ஜெயிப்பு?”

“ஜெயிச்சான்னுதானே சொன்னீங்க? கேஸா கப்பான்னு சொன்னீங்களா?”

செல்வராஜ் என் பக்கம் திரும்பினார். “என்னா சேர் இது? காலையில இருந்து ஒக்காந்து கேட்டதுல எனக்கே தல சுத்துது. நீங்க பேப்பர்காரரு, நீங்களே சொல்லுங்க.”

நான் நேரக்காப்பாளர். என் வேலை முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

அப்போது ரிஸ்னா கிண்ணத்தோடு வந்தாள். மழை படாமல் அதைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கிண்ணத்தைத் தர்ஷினியின் கையில் கொடுத்துவிட்டு, செல்வராஜின் முன்னால் போய் நின்றாள்.

“அங்கிள், நீங்க மகளுக்குச் சொன்ன வார்த்தைய அப்பிடியே சொல்லுங்க. ஒண்டும் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

“ஜெயிச்சா லோ, தோத்தா டீச்சர்.”

“ஜெயிச்சதும் உண்மை. தோத்ததும் உண்மை. அப்ப உங்கட வார்த்தையில சந்தேகம் இரிக்கிதா இல்லயா?”

“இருக்குதான்.”

“சந்தேகம் வந்தா பயன் யாருக்கு அங்கிள்? இப்பதான் உள்ளுக்கு சொன்னாங்க.”

“எதிரிக்கு.”

“இங்க எதிரி யாரு?”

செல்வராஜ் மகளைப் பார்த்தார். அவள் எதிர் அணியின் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தாள்.

“எனக்கு எதிரின்னா ஒலகத்துலயே இவ ஒருத்திதான்” என்றார்.

அவர் வேனின் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறு. சட்டமே படிச்சுத் தொல. ஊட்டுல உன்கூட என்னால வாதாட முடியாது. அந்தக் கப்ப அந்தப் புள்ளகிட்ட குடுத்துட்டு ஏறு.”

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் பதுளை டவுனில், நான் விசாரித்தவரை, ஒரேயொரு வகுப்புத்தான் இருக்கிறது. அதற்கடுத்த சனிக்கிழமையே தர்ஷினி அதில் சேர்ந்துவிட்டாள்.

வகுப்பு சிங்களத்தில் நடக்கிறது.