பேசாமல் படுத்திருக்கிறார்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது ‘வார்ம்’ என்ற சொல். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மைனஸ் இருநூற்று நாற்பது டிகிரியை “இன்னும் வார்ம்தான்” என்று சலித்துக்கொள்வார்கள். மாங்கனீசும் சிலிக்கனும் சேர்ந்த, கடுகளவு படிகமொன்றைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து, நேரத்தையும் வெப்பநிலையையும் நோட்டில் குறிப்பது என் வேலை. சூட்டில் அதன் அணுக்காந்தங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். இருபத்தொன்பது கெல்வினுக்கு, அதாவது மைனஸ் இருநூற்று நாற்பத்து நான்கு டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஒழுங்குக்கு வரும். அப்போதும் ஒரே பக்கம் பார்க்காது. ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிடத் துளி திரும்பி, சுருள் படிக்கட்டுபோல முறுக்கிக்கொண்டு போகும்.

கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் காலமெல்லாம் வேலைசெய்த என் அப்பாவிடம் இதைப் போனில் சொன்னேன். நைனா சிரித்தார்.

“இரும்பு செக்கச்செவேல்னு கீறப்போ காந்தத்துல ஒட்டாது, ஆறுனா ஒட்டும். எங்க மில்லு கிரேன்காரனுக்கே தெரியும். இதுக்காம்மா பிளேன் ஏறிப் போன?”

போன ஆவணியில் அவருக்குக் காய்ச்சல். ஐந்து நாளும் அதே நோட்டில் இரண்டு பத்தி போட்டேன்: ஒன்றில் இங்கத்திய நேரம், படிகத்தின் வெப்பநிலை; மற்றதில் ஊர் நேரம், நைனாவின் வெப்பநிலை. செவ்வாய், இங்கே காலை பத்தே கால், அங்கே மதியம் ஒன்றே முக்கால். ஊருக்கு டிக்கெட் எடுக்கப்போகும்போது தம்பி போனில் கூப்பிட்டான்.

“அக்கா, ஜொரம் வுட்டுடுச்சி. உடம்பு ஜில்லுனு கீது. பேசாம படுத்துக்கினு கீறாரு.”

டிக்கெட் எடுக்கவில்லை. கூட வேலைசெய்யும் மார்ட்டினிடம் அரைகுறை ஜெர்மனில் சந்தோஷமாகச் சொன்னேன்: “என் அப்பா குளிர்ந்துவிட்டார்.”

அவர் எழுந்து வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டு அனுதாபம் சொன்னார்.

“ஐயோ, இல்லை! காய்ச்சல் விட்டுவிட்டது!” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “பேசுகிறாரா?” என்று கேட்டார்.

“தூங்குகிறார்” என்றேன்.

புதன் காலை நைனா போய்விட்டார். நான் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “அசந்து தூங்குறாருன்னுதாங்கா நெனச்சேன். எழுப்புனா பேசல” என்று தம்பி அழுதான். சூடு இறங்கினால் நிலை மாறும் என்று தினமும் எழுதுகிற நானும் அப்படித்தானே நினைத்தேன்?

எல்லாவற்றுக்கும் நாள் குறிப்பவள் நான். துளித்துளியாகத் திரும்பி, ‘பேசாம’ என்ற சொல்லைக்கூடக் காதில் வாங்காத தூரத்துக்கு என்றைக்கு வந்தேன் என்பதற்கு மட்டும் நோட்டில் தேதி இல்லை.

இப்போதும் இரண்டு பத்தி போடுகிறேன். இங்கத்திய நேரத்துக்கு எதிரே படிகத்தின் வெப்பநிலை நிரம்புகிறது. ஊர் நேரத்தை எழுதுகிறேன்; அதற்கு எதிரே எழுத ஒன்றுமில்லை.