இழையைப் பிரிக்காத சாயிரா

சாயிராவுக்கு வாய் நீளம் என்று பம்பாயில் எங்கள் மாட்டுங்கா ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவளுக்குத் தோன்றிய கேள்வி தங்களுக்குத் தோன்றவில்லையே என்ற எரிச்சல்தான், வேறென்ன!

தாராவியில் தோல் வியாபாரம் செய்த கரீம் பாட்சாவின் மகள் அவள். 1968இல் அவளுக்கு ஆராய்ச்சி இடம் நிலைக்குமா இல்லையா என்பது ஒரே ஒரு கருத்தரங்கப் பேச்சில் முடிவாக இருந்தது. ஜீன்களை அடக்கி வைக்கும் புரதம் டி.என்.ஏ.யில் தனக்குரிய இடத்தை எப்படி அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது என்பது தலைப்பு.

முறுக்கிய இரண்டு இழைகளையும் பிரித்தால்தான் உள்ளிருக்கும் எழுத்துகளைப் படிக்க முடியும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் வெங்கடராமனின் கட்சி. பிரிக்கவே வேண்டாம் என்றாள் சாயிரா. இழைகளுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் எழுத்துகளின் விளிம்பு வெளியே தெரிகிறது. புரதத்தின் ஒரு பகுதி அந்தப் பள்ளத்துக்கு ஏற்றபடி புடைத்திருந்தால், தொட்டே படித்துவிடும் என்றாள்.

"புஸ்தகத்தைத் திறக்காம யாராவது படிப்பாளோ?" என்றார் அவர்.

"எங்க வாப்பா படிப்பாவ சார். தோல் மண்டியில கைக்கு மேல துண்டப் போட்டு மூடி, உள்ள ஒருத்தர் விரல ஒருத்தர் எண்ணித் தொட்டுத்தான் விலை பேசுவாவ. பக்கத்துல நிக்கவனுக்கு ஒண்ணும் தெரியாது. தொட்டவனுக்குத் தெரியும்."

கூடமே சிரித்தது. அவளோடு வேலை பார்த்த எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது ஆய்வுக்கூடம்மா, மண்டி இல்லே" என்றார் வெங்கடராமன்.

"சரி சார், சோதனையையே சொல்லுதேன். பிரிச்ச ஒத்த இழையில அந்தப் புரதம் சரியா ஒட்டலன்னு போன வருசம் அமெரிக்காவுல பாத்திருக்காங்க. பிரிச்சுத்தான் படிக்கும்னா, பிரிச்சு வச்சத ஏன் பிடிக்க மாட்டேங்குது?"

வெங்கடராமன் வேறு பக்கம் தாவினார். "அந்தப் புரதத்தோட வடிவத்தை யாராவது பாத்திருக்காளா?"

"இல்ல சார்."

"அப்போ 'இழைகள் பிரிகின்றன'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. இல்லேன்னா வேற எடம் பாத்துக்கோ."

வீட்டில் அவள் வாப்பாவும் அதையேதான் சொன்னாராம். "பெரிய மனுசர்ட்ட எதுக்கு மல்லுக்கு நிக்கே? போட்டுட்டு வா மவளே."

"துண்டுக்குள்ள மூணு விரலத் தொட்டுட்டு, வெளிய வந்து நாலுன்னு சொல்வியளா வாப்பா?"

சாயிரா கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் எங்கள் எல்லோர் முன்னாலும் வெங்கடராமன் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தார். அவள் அழுவாள் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள்.

"பக்கத்துல தேதி போட்டுருங்க சார்" என்றாள் சாயிரா. "நான் சொல்லுதது தப்பாவும் இருக்கலாம். அந்த வடிவம் என்னைக்காவது தெரியத்தானே போவுது? யாரு எப்ப யாரு பேர அடிச்சாங்கன்னு அன்னைக்குப் பாத்துக்கலாம்."