மீட்டர் சொன்ன உண்மை

‘உயர் மின்நுகர்வு வாடிக்கையாளர்’ என்று மின்சார அலுவலக நோட்டீஸ் அவளைக் குறிப்பிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறவள் வீட்டில் ஓர் இஸ்திரிப்பெட்டிகூடக் கிடையாது. ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்களாம்.

“மீட்டர் பொய் சொல்லாதும்மா,” என்றார் குமாஸ்தா, மூன்றாம் முறையாக. “வேணும்னா மெயினை அணைச்சிட்டு ஓடுதான்னு பாருங்க.”

வீடு திரும்பியவளுக்கு மாடி வீட்டுக்காரர் படியில் நின்று அறிவுரை வழங்கினார். “கொஞ்சம் சிக்கனம் வேணும்க்கா. நான் ஏசியே வச்சிருக்கேன், உங்க பில்லுல கால்வாசிகூட எனக்கு வர்றதில்ல.”

அவள் படிக்கட்டுக்கு அடியில் போய், தன் கதவு எண் எழுதிய மீட்டரின் மெயின் சுவிட்சை இறக்கினாள். மீட்டர் நின்றது. அவள் அறையில் மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மாடியில் ஏசி உயிரை விட்டது.

மீட்டர் பொய் சொல்லவில்லைதான். மாடி வீட்டு உண்மையை இவள் பெயரில் சொல்லியிருந்தது. போன வருஷம் வயர் மாற்றிய எலக்ட்ரீசியன் இரண்டு வீட்டு இணைப்பையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தான்.

“அக்கா, சுவிட்சைப் போடுங்க. உள்ளே வேகுது.”

“ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து பாத்துட்டுப் போடட்டும் தம்பி. எனக்கு முடியல.”

அவள் சுவிட்சைப் போடவில்லை. குமாஸ்தாவுக்கு போன் செய்து ஆளை வரச் சொல்லிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்கினாள்.